பச்சையில் நின்றுபோன கறுப்பு

மாசி மாதத்து நண்பகல். திருச்செங்கோட்டுக்கு வெளியே என் தங்கை சரஸ்வதியின் கணவர் சின்னுசாமி நடத்திவந்த விசைத்தறிக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஆறு தறிகளில் ஐந்து நிறுத்தப்பட்டிருந்தன. ஓடிய ஒரே தறியிலும் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஒழுங்காகப் படுத்துக் கிடக்கவில்லை. பக்கத்து இழையைக் கண்டாலே ஆகாதவைபோல ஒன்றைவிட்டொன்று விலகிப் புடைத்து நின்றன.

அவற்றின் அருகே முழங்கையைக் கொண்டுபோனேன். கையிலிருந்த உரோமம் முழுவதும் எழுந்து இழைகளை நோக்கிச் சாய்ந்தது.

சின்னுசாமி அறுந்த இழையொன்றை முடியக் குனிந்தார். விரல் இரும்புச் சட்டத்தைத் தொடுமுன் ‘சட்’டென்று ஓர் ஒலி. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

“அடக் கெரகமே! பாத்தீங்களா மச்சான்? பொழுதன்னைக்கும் இப்புடித்தான் கடிக்குது. இந்தத் தறிக்குப் போடற தீனிய ஒரு நாய்க்குப் போட்டிருந்தா அது வாலாவது ஆட்டியிருக்குமுங்க.”

“மாப்பிள்ளை, இதுக்குப் பேரு நிலை மின்சாரம். காத்துல ஈரம் இல்லாதப்போ பாலியெஸ்டர் நூல் ஒண்ணோடொண்ணு உரசி...”

“பேரு எனக்கெதுக்குங்க? போகச் சொல்லுங்க, அது போதும்.”

பருத்தித் துண்டு நெய்தவரை அவருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஊரெல்லாம் பாலியெஸ்டர் சேலைக்கு மாறியபோது அவரும் மாறினார். ஐப்பசி, கார்த்திகையில் தறி சமர்த்தாக ஓடும். மாசி பிறந்துவிட்டால் காற்று உலரும், இழை புடைக்கும், அறும், தறி நிற்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சற்றே அடங்கியது. ஆனால் கோடையில் சாக்கை நனைக்கவும் கிணற்றில் தண்ணீர் வேண்டுமே! மேலும் ஈரம் பட்ட இரும்பு துருவேறி, துரு சேலைக்கு ஏறியது.

சோறு உண்டபின் கைகழுவக் கொல்லைப்புறம் போனேன். சரஸ்வதி செம்போடு பின்னால் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, அவரு ரிக்கு வண்டிக்காரருகிட்ட வாரேன்னு சொல்லிப்போட்டாருங்க. சித்திரையில வண்டி வடக்க கெளம்புதாமா. தறிய எடைக்குப் போட்டுட்டுப் போறேங்கறாரு.”

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து வடக்கே போய், மழைக்காலத்துக்கு மட்டும் திரும்பி, மழை ஓய்ந்ததும் மறுபடி போய்விடும். போனவர்கள் ஆண்டில் பெரும்பகுதி ஊரில் இரார். எதிர்வீட்டுக்காரர் அப்படிப் போய், திரும்பும்போது இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“மழைக்கு மட்டும் ஊட்டுக்கு வர்ற மனுசனோட நான் என்னங்கண்ணா குடும்பம் பண்றது? தறி ஓடுனா அவரு போகமாட்டாரு. நீங்கதான் பொஸ்தகமாப் படிச்சுத் தள்றீங்களே, இதுக்கு ஒண்ணும் எழுதலீங்களா அதுல?”

### எட்டாம் வகுப்பும் ஓர் அகராதியும்

நிற்க. இத்தொடரின் சென்ற வாரப் பகுதியில், சாயத்தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசும் முறை குறித்து நான் எழுதியிருந்த இரண்டு பத்திகளை ஆசிரியர் குழுவினர் நீக்கிவிட்டனர். வாசகருக்கு அலுப்புத் தட்டுமாம். இவ்வாரம் வேதியியல் வருகிறது. அதையும் நீக்கினால் மிஞ்சுவது என் மைத்துனரின் வசவு மட்டுமே என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்புவரை. பிறகு ராசிபுரத்தில் சாயப்பட்டறை. முதலில் கூலிக்கு, பின்னர் குத்தகைக்கு, அதன்பின் சொந்தமாக. சாயப் பெட்டிகளின் மீது ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டுகளைப் படிப்பதற்காக ஓர் அகராதி வாங்கினேன். சீட்டு முடிந்ததும் புத்தகங்களுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்து நூலகமே எனக்குக் கல்லூரி. அங்கே அமைதி காக்க வேண்டும் என்று எழுதிய பலகைக்கு நேர்க்கீழே அமர்ந்து, அரசியல் பேசிய பெரியவர்களையும் பொறுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் முடிவில் என்று நினைவு, அந்நூலகத்து அறிவியல் சஞ்சிகையொன்றில் ஒரு கட்டுரை கண்டேன். பிளாஸ்டிக் போன்ற பொருள்களைப் பலபடிகள் என்பர். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு உண்டாவதால் அப்பெயர். மின்கம்பிக்கு மேலுறையாகப் போடுவதே பிளாஸ்டிக்கைத்தான், அது மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால். அப்படியிருக்க, மின்சாரத்தைக் கடத்தும் பலபடியும் உண்டு என்றது கட்டுரை. ஆனால் அந்தப் பலபடி காற்றுப் பட்டால் கெட்டுவிடுமாம்.

அது மேலை நாட்டார் கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அதே மேசையில் இன்னொரு கட்டுரை. அனிலின் என்னும் பொருளிலிருந்து கிடைக்கும் கறுப்பும் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அது தெரிவித்தது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். அரசியல் பேசியவர்கள் என்னைப் பார்த்து ‘உஷ்’ என்றனர். இதைவிட எரிச்சலூட்டும் ஒலியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அனிலின் கறுப்பு எங்கள் பட்டறையில் தொட்டிதொட்டியாகக் கிடந்த சரக்கு! நூலை அனிலினிலும் அமிலத்திலும் முக்கி, பைக்ரோமேட் உப்பைச் சேர்த்தால், முதலில் பச்சை பிறக்கும், பிறகு அது கறுக்கும். என் விரல் நகங்களில் அது நிரந்தரமாகக் குடியிருந்தது.

சரஸ்வதி கொல்லைப்புறத்தில் கேட்ட கேள்விக்கு, அந்தக் கட்டுரைதான் என் நினைவுக்கு வந்தது. மின்சாரம் கடத்தும் மெல்லிய கயிறொன்றைப் பாவின் குறுக்கே, இழைகளைத் தொடும்படி கட்டி, அதன் நுனிகளை நிலத்தில் எர்த் செய்த இரும்புச் சட்டத்தோடு இணைத்தால், இழைகளில் சேரும் மின்சாரம் கயிற்றின் வழியே இறங்கிப் போய்விடும். தாமிரக் கம்பியைச் சின்னுசாமி ஏற்கெனவே கட்டிப் பார்த்திருந்தார். அது இழையை அறுத்தது. சரிகை நூல் கட்டினார். அதன் மேற்சுற்று பிரிந்து சேலைக்குள் புகுந்தது. மென்மையான நூற்கயிறு வேண்டும், ஆனால் அது கம்பியைப்போல் கடத்தவும் வேண்டும்.

### உருகாது, கரையாது

முதலில் அனிலின் கறுப்பைத் தனித் தூளாகச் செய்து பார்த்தேன். கண்ணாடிக் குவளையில் அடியில் தங்கியதை வடித்து உலர்த்தினால் கரும்பச்சைத் தூள். பழைய மல்டிமீட்டர் ஒன்று வைத்திருந்தேன். தூளை அழுத்தி இருமுனைகளையும் வைத்ததும் ஊசி நகர்ந்தது. என் பட்டறையில், என் கையால் செய்த தூளில், மின்சாரம் ஓடியது.

அதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, கல்லூரி வேதியியல் விரிவுரையாளர் ஒருவரைக் காணச் சென்றேன். அவர் பொட்டலத்தை விரித்து, மூக்கருகே கொண்டுபோய், மீண்டும் மடித்தார்.

“இது உருகுமா?”

“உருகாதுங்க. சூடு ஏத்துனாக் கருகுது.”

“எதுலயாச்சும் கரையுமா?”

“எனக்குத் தெரிஞ்சு எதுலயும் இல்லீங்க.”

“அப்போ இத வெச்சு என்ன பண்ணுவீங்க? செங்கப்பொடி மாதிரி ஒரு பொடி. வார்க்க முடியாது, இழுக்க முடியாது, தடவ முடியாது. பொடியாவே வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.”

அவர் கூறியதில் பிழையில்லை. அதுவே எனக்கு மேலும் எரிச்சலூட்டியது. மின்சாரம் கடத்துவது காற்றில் நிலைக்கவில்லை. நிலைப்பது இளகவில்லை. இளகுகிற பிளாஸ்டிக் எதுவும் கடத்தவில்லை. உலகெங்கும் கற்றறிந்தோர் முட்டிக்கொண்டிருந்த சுவரில் நானும் ராசிபுரத்திலிருந்து பேருந்து ஏறிப்போய் முட்டிக்கொண்டேன்.

ஆயினும் திரும்பும் பேருந்தில் எனக்கொன்று தோன்றியது. சாயக்காரன் இந்தக் கறுப்பை என்றைக்குக் கரைத்தான்? கரையாது என்பதால்தானே வெளுக்காமல் நிற்கிறது! நாங்கள் அதை நூலுக்குள்ளேயே பிறக்கச் செய்கிறோம். அனிலின் தண்ணீராக நூலுக்குள் நுழையும், கறுப்பாக உள்ளேயே உறையும். கயிறு வேண்டுமானால் தூளைக் கயிறாக்க வேண்டியதில்லை. பருத்திக் கயிற்றுக்குள் தூளைப் பிறப்பித்தால் போதும்.

### கிணற்றின் மேல் விழுந்த பழி

பட்டறையில் தொட்டி வேலை முழுவதும் மாரப்பண்ணனுடையது. என்னைவிட மூத்தவர். நான் கூலிக்குச் சேர்ந்த காலத்திலேயே அவர் அங்கிருந்தார். நான் முதலாளியான பிறகும் என்னைச் ‘சாமி’ என்றுதான் அழைத்தார். என் சொல் எதையும் அவர் மறுத்ததில்லை. கேட்டு நடந்ததுமில்லை.

ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு, பருத்திக் கயிற்றைக் கொடுத்து, பச்சை பிறந்ததும் எடுத்துவிடச் சொன்னேன். மறுநாள் கொடியில் காய்ந்ததை எடுத்து மீட்டரை வைத்தேன். ஊசி அசையவில்லை.

மீண்டும் செய்யச் சொன்னேன். மீண்டும் அசையவில்லை. குவளையில் என் கையால் முக்கிய துண்டு கடத்துகிறது, தொட்டியில் முக்கிய சிட்டம் கடத்தவில்லை. அனிலினை மாற்றினேன். அமிலத்தைக் கூட்டினேன். கடைசியில் கிணற்றைச் சந்தேகித்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உவர்ப்பு, பருப்பே வேகாது. கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஒருவரிடம் சொல்லி, குடங்களில் ஊற்றுநீர் தருவித்தேன். அதிலும் ஊசி அசையவில்லை. தண்ணீர் கொண்டுவந்தவர் மட்டும் என் புத்தியைப் பற்றிக் கடைவீதியில் பேசிவிட்டுப் போனதாக அறிந்தேன்.

ஒரு நாள் மதியம் முன்னறிவிப்பின்றிப் பட்டறைக்குத் திரும்பினேன். மாரப்பண்ணன் என் கயிற்றைச் சலவைச் சோடா நீரில் அலசிக்கொண்டிருந்தார். பச்சையாக உள்ளே போனது நீலங்கலந்த அருமையான கறுப்பாக வெளியே வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தார்.

“மாரப்பண்ணா! என்ன பண்றீங்க?”

“ஏனுங்க சாமி, அலசறனுங்க.”

“சோடா வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“சரின்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னனுங்க. ஆனா பச்ச அடிக்குதுங்களே சாமி! பச்ச அடிக்கற கறுப்பக் கொடியில போட்டா, போற வாரவன் பாத்துச் சிரிக்கமாட்டானா? மாரப்பன் போட்ட கறுப்பு பச்சயாப் போச்சுன்னு இத்தன வருசத்துல ஒருத்தன் சொன்னதில்லீங்க.”

வாசகர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். எங்கள் தொழிலில், பச்சைக்குத் திரும்பும் கறுப்பு தோற்ற கறுப்பு. வியர்வை பட்டாலும் காற்றில் அமிலப் புகை பட்டாலும் பச்சையடிக்காத கறுப்பைப் போடுபவனே சாயக்காரன். ஆகவே எந்தக் கறுப்பும் சோடாவில் அலசப்படாமல் பட்டறையைவிட்டுப் போகாது. அது எழுதாத சட்டம். ஆனால் மின்சாரம் ஓடுவதோ அந்தப் பச்சையில் மட்டும். பலபடியைப் பற்றிக்கொண்டிருக்கும் அமிலமே அதற்குக் கடத்தும் ஆற்றலைத் தருகிறது. சோடா அமிலத்தைக் கொன்றுவிடும். அமிலம் போனால் மின்சாரமும் போயிற்று.

நான் கெடுதியை நாடி அலைந்தேன். மாரப்பண்ணன் அந்தக் கெடுதியை ஒவ்வொரு நாளும் பொறுப்பாகச் சீர்படுத்திவந்தார். பாவம், கொல்லிமலை ஊற்று என்ன செய்யும்!

### துரு

அடுத்த சிட்டத்தை நானே முக்கினேன், நானே எடுத்தேன். வெறும் தண்ணீரில் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடியில் போட்டேன். மாரப்பண்ணன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஊசி நகர்ந்தது.

வையப்பமலை வழிப் பேருந்தில் மடிமேல் கயிற்றை வைத்துக்கொண்டு திருச்செங்கோடு போனேன். பாவின் குறுக்கே கட்டினோம். தறியை முடுக்கியதும் புடைத்து நின்ற இழைகள், யாரோ கையால் தடவிவிட்டாற்போலப் படுத்தன. சின்னுசாமி குனிந்து இழைகளைப் பார்த்தார். பின்பு என்னை நோக்கி, “காத்து மாறிருச்சுங்களாட்ட இருக்குது” என்றார்.

“காத்தில்ல மாப்பிள்ளை, கயிறு!”

“இருக்குமுங்க, இருக்குமுங்க.”

ஆறு தறிக்கும் கட்டிவிட்டுத் திரும்பினேன். ஊர்வந்து சேர்ந்த சில நாள்களுக்குள் சரஸ்வதி ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். அமிலம் பருத்தியைத் தின்றிருந்தது. கையால் தொட்ட இடத்தில் கயிறு உதிர்ந்தது. கயிறு கட்டிய இடத்திலெல்லாம் அமிலப்புகை பட்டு இரும்பு செந்துருவாய்ப் பூத்திருந்தது. உதிராமல் மிஞ்சிய துண்டில் மீட்டரை வைத்தால், ஊசி முன்போல் நகரவில்லை. அமிலம் ஆவியாகிப் பறந்துகொண்டிருந்தது. போகிற வழியில் தறியையும் கெடுத்துவிட்டுப் போயிற்று.

சின்னுசாமி சேலையொன்றை விரித்துக் காட்டினார். ஓரம் நெடுகத் துருப்புள்ளி.

“மச்சான், நான் ஒண்ணும் சொல்லலீங்க. முன்னயெல்லாம் இழதான் அறுந்துது. இப்ப சேலையும் போச்சு, தறியும் போச்சு. ரிக்கு வண்டியில துரு புடிச்சாலும் அது அடுத்தவன் இரும்பு பாருங்க, அதுல ஒரு நிம்மதி.”

அவருடைய தகரப் பெட்டி வாசலறைக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டு சட்டைகளும் ஒரு போர்வையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சரஸ்வதி அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்தாளே தவிர அதைப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை என்னோடு வந்தாள். பேருந்து தெரிந்ததும், “பழைய இரும்புக்காரரு வெள்ளிக்கெழம வந்து பாத்துட்டுப் போனாருங்கண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

பட்டறைக்கு வந்தேன். மாரப்பண்ணன் உதிர்ந்த கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். “ஆசிட்டு நூலு மக்குமுங்க சாமி” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் நான் அன்று நன்றாக உறங்கியிருப்பேன்.

### சோடா அறையின் சாவி

சித்திரைக்கு அதிக நாளில்லை. தொட்டியில் ஊற்றும் உப்பு அமிலத்தைக் குறைத்துப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். கயிறு சற்றுக் கூடுதல் காலம் தாங்கினாலும் இந்தக் கோடையைக் கடத்திவிடலாம். ஆனால் அன்றைக்கு எனக்குச் சேலம் போக வேண்டிய அவசியம் ஏற்பட்டது. தொட்டியை மாரப்பண்ணனிடம் விட வேண்டும். அவர் ‘சரிங்க’ என்பார்; சோடாவில் அலசுவார். ஆகவே சோடா மூட்டைகள் இருந்த அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மாலையில் திரும்பினால், கயிறு கொடியில் கிடந்தது. அதிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

“மாரப்பண்ணா, இதென்ன நுரை?”

“சோடா இல்லீங்களே சாமி. அலசாத எப்புடிங்க கொடியில போடறது? சிலரிய ஊத்தி அலசிப்போட்டனுங்க.”

சலவைத்தூள் குடிசைத் தொழிலாகப் பெருகியிருந்த காலம் அது. ‘ஆசிட் சிலரி’ என்ற பெயரில், பாகுபோன்ற பழுப்புத் திரவம் கேன்களில் விற்கும். அதனோடு சோடா சேர்த்தால் சலவைத்தூள். எங்கள் பட்டறைக்கு வேண்டிய அலசுநீரையும் இவ்விரண்டையும் கலந்தே உண்டாக்கினோம். ஒட்டாத சாயத்தைச் சிலரி கிளப்பும், மிஞ்சிய அமிலத்தைச் சோடா கொல்லும். சோடாவைப் பூட்டிய நான் சிலரியைப் பூட்டவில்லை. சிலரியைத் தனியே ஊற்றி நூல் அலசுகிற மனிதர் தமிழ்நாட்டில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று நான் பேசிய சொற்களை இவ்விதழில் அச்சிட இயலாது. பாதி பேச்சில் மாரப்பண்ணன் குறுக்கிட்டார்.

“திட்டுங்க சாமி, திட்டுங்க. அலசியும் அந்தப் பச்ச போவவே இல்லீங்க. எனக்கும் அதுதான் கொடுமையா இருக்குது.”

நான் நிறுத்தினேன். பச்சை போகவில்லையா?

மீட்டரை எடுத்துவந்தேன். ஈரம் ஏமாற்றும் என்பதால் இரவு முழுதும் உலரவிட்டு, காலையில் வைத்தேன். ஊசி முன்னெப்போதையும்விட அதிகமாய் நகர்ந்தது. கயிறு விறைப்பாக இல்லை. எண்ணெய் தடவியதுபோல இளக்கமாக வளைந்தது. விரலில் கரி ஒட்டவில்லை. மூக்கை எரிக்கும் அமில வாடையும் இல்லை.

சிலரியும் ஓர் அமிலமே. ஆனால் உப்பு அமிலத்தைப்போல ஆவியாகிப் பறப்பதில்லை. எண்ணெய்த்தன்மையுள்ள நீண்ட வாலொன்று அதற்குண்டு. அதனால் நூலைவிட்டு எளிதில் அகலுவதுமில்லை. பறக்கும் அமிலம் போன இடத்தில் பறக்காத அமிலம் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் ஊகம். பழைய தூளைத் தேடியெடுத்துச் சிலரியில் குழைத்தேன். முழுதும் கரையவில்லை. ஆனால் மைபோல இளகி, காகிதத்தில் தீற்ற வந்தது. உலர்ந்த தீற்றலிலும் ஊசி நகர்ந்தது. தடவ முடியாது என்றாரே விரிவுரையாளர்! அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் இருந்தவர், காகிதத்துக் கறுப்பை ஏதோ பிராணியின் தடம் என்று எண்ணி, விலங்கியல் துறை அடுத்த கட்டடம் என்று வழிகாட்டினார்.

மறுபடி செய்ய அளவு வேண்டுமே! மாரப்பண்ணனிடம் கேட்டேன்.

“சிலரி எவ்வளவு ஊத்துனீங்க?”

“ஊத்துனனுங்க.”

“எவ்வளவு?”

“நூலுக்குத் தக்கன.”

“எத்தனை நேரம் ஊறுச்சு?”

“வெத்தல போட்டுட்டு வந்தனுங்க.”

“எத்தனை வெத்தல?”

“ஏஞ்சாமி, அதையெல்லாமா எண்ணுவாங்க?” என்று என்னைக் கவலையோடு பார்த்தார்.

### ஹாரன்

மாரப்பண்ணனையே மறுபடி சிலரியில் அலசவிட்டுப் பெற்ற புதிய கயிறுகளோடு திருச்செங்கோடு சென்றபோது, சின்னுசாமி என்னை வாசலிலேயே மறித்தார். முன்பட்ட துரு அவருக்கு மறக்கவில்லை. சரஸ்வதி அவரைத் தாண்டி வந்து, கயிறுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே கொட்டகைக்குள் நடந்தாள். “எடைக்குப் போற தறிதானுங்களே. துரு புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன?” என்றாள். ஆறு தறிக்கும் அவளே கட்டினாள். சின்னுசாமியோ கொட்டகை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

சித்திரை பிறந்தது. ரிக் வண்டி வரும் நாளில் நானும் அங்கிருந்தேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். கொட்டகைக்குள் ஆறு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தெருமுனையில் ஹாரன் ஒலித்தது. தகரப் பெட்டி வாசற்படியில் இருந்தது. சரஸ்வதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டியிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சின்னுசாமி, பொட்டிய எடுங்க. பொழுது ஏறுது.”

சின்னுசாமி பெட்டியைப் பார்த்தார். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். “தறி ஓடிக்கிட்டிருக்குதுங்களே” என்றார்.

“ஓடட்டும். ஊட்டுல பாத்துக்குவாங்க. ஏறுங்க.”

“இல்லீங்க. நின்ன தறின்னா உட்டுப்போட்டு வரலாம். ஓடற தறிய எப்புடிங்க உட்டுட்டு வாரது? மழைக்குத் திரும்பறப்ப வாங்க, காப்பி குடிக்கலாம்.”

மேஸ்திரி அவருடைய பரம்பரையைப் பற்றி ஒரு சொல் உதிர்த்தார். வண்டி நகர்ந்தது. சின்னுசாமி கொட்டகைக்குள் நுழையும்போது என் தோளைத் தட்டி, “எலுமிச்சங்கா கட்டுனதுல இருந்து ஒரு கொறையுமில்லீங்க மச்சான்” என்றார். அவருக்குப் பதிலளித்துப் பழகியவனுக்கே அதன் பயனின்மை தெரியும்.

பெட்டியை உள்ளே தூக்கிப்போன சரஸ்வதி திரும்பி வருவதற்குள், நான் பையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு முதல் தறியை அடைந்தேன். பாவின் குறுக்கே கயிறு பசுமை கலந்த கறுப்பாய், சற்றும் உதிராமல் கிடந்தது. முதல்நாள் இருந்த கடத்தும் ஆற்றலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தாக வேண்டும். காற்றில் கெடாத பலபடியைக் காண அறிஞர்கள் ஏங்குகையில், என் தங்கை வீட்டுக் காற்றில் அது என்ன ஆயிற்று என்றாவது நான் அறிய வேண்டாமா? முடிச்சில் கைவைத்தேன்.

“அதத் தொடாதீங்கண்ணா.”

“ஒரே நிமிஷம் அம்மிணி. தறிய நிறுத்து, அவுத்து அளந்துட்டு மறுபடியும் கட்டிப்போடறேன். இது எத்தனை மாசம் தாங்கும்னு தெரிய வேண்டாமா?”

“எனக்குத் தெரிய வேண்டாமுங்க.”

“திடீர்னு ஒருநாள் கெட்டுப்போனா?”

“கெட்டா இன்னொண்ணு அனுப்புங்க. ஓடறத நிறுத்தாதீங்க.”

“அளக்காம விட்டுட்டா இதுக்கு ஒரு கணக்கே கிடைக்காது அம்மிணி!”

அவள் எனக்கும் தறிக்கும் நடுவே வந்து நின்றாள். என் தங்கை என் முன்னால் அப்படி நின்றது அதுவரை இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் சின்னுசாமி ஊடை நூல் மாற்றியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்கவில்லை.

பிற்பாடு அவள் கேட்டபோதெல்லாம் புதுக் கயிறு அனுப்பினேன். பழையதைப் பத்திரமாகத் திருப்பித் தரும்படி ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அதை அடுப்பில் போட்டுவிட்டதாகவே மறுமொழி வந்தது. அந்தக் கயிறு எத்தனை நாள் மின்சாரம் கடத்தியது என்று கேட்டால், இன்றளவும் என்னிடம் விடையில்லை.

அன்று மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். “சோறு தின்னுட்டுப் போங்க” என்றாள். எரிச்சல் அடங்கவில்லை என்றாலும் உட்கார்ந்து உண்டேன். ஆறு தறியும் ஓடும் வீட்டில், ரசம் வேண்டும் என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.